தங்கைக்குச் சொல்ல முடியாமல் போன கேதம்

எங்கள் தாத்தா கண்ணை மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அப்பா மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஆஸ்பத்திரியில் தாதி. வேலை முடிந்து வந்து காலை நீட்டினால் பேனா பிடிக்கத் தோன்றாது. அதுவும் போக, இப்படியான மலர்களில் எல்லோரும் சிரித்த முகமும் சாந்த குணமுமாகத்தான் வாழ்ந்து முடித்திருப்பார்கள். தாத்தா சிரித்து நான் பார்த்ததே குறைவு. பெரிய பிடிவாதக்காரர். எழுதினால் அதைத்தான் எழுதுவேன் என்றேன். "எழுது, உள்ளதுதானே" என்றார் அப்பா.

தாத்தா பிறந்தது பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மேல்கணக்குப் பிரிவின் லய வீடு ஒன்றில். பத்து வயதில் புல்லு வெட்டப் போனவர், பிறகு கவ்வாத்துக்காரரானார். நாற்பது வருடத்துக்கு மேல் தேயிலை மரங்களைக் கவ்வாத்து வெட்டிய தோள், கடைசிக் காலத்தில் சட்டை போடக்கூட மேலே எழும்பவில்லை. அப்பாவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது பாட்டி காலமானார். தாத்தா மறுமணம் செய்யவில்லை. காலையில் சோறாக்கி வைத்துவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய், மாலையில் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டியவர். அந்தக் களைப்பு அவர் முகத்தில் அப்படியே தங்கிவிட்டது.

இந்த மண்ணிலேயே பிறந்தும் இந்த நாட்டுப் பிரஜை என்று சொல்ல அவரிடம் ஒரு தாளும் இருக்கவில்லை. அதனால் அடையாள அட்டையும் இல்லை. மலையில் வேலை செய்ய அது தேவைப்படவில்லை. பஸ் ஏறினால்தான் தேவைப்பட்டது.

தோட்டத்தில் யார் இறந்தாலும் சொந்தங்களுக்குச் சாவுச் செய்தியை, கேதத்தை, நேரில் சொல்லப் போகிறவர் தாத்தாதான். எந்தச் சொந்தம் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் என்று அத்தனையும் அவருக்கு அத்துப்படி. கேதம் சொல்லப் போனவர் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். உட்காரக் கூடாது, தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது, திரும்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது. இதில் ஒன்றைக்கூட அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

தொண்ணூறுகளில், பாதையெங்கும் சோதனைச் சாவடி இருந்த காலத்தில், தாத்தாவின் அம்மா ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். தாத்தாவின் ஒரே தங்கை ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அப்பாவுக்கு அத்தை என்பதால் நாங்களும் அத்தை என்றே சொல்லிப் பழகினோம். பெற்ற மகள் வந்து வாய்க்கரிசி போடாமல் தாயை எடுக்க முடியாது.

தோட்டத் தலைவர் சொல்லிப் பார்த்தார். "அண்ணே, தந்தி அடிச்சிருவோம். கார்டு இல்லாம எங்க போறீங்க? அதுவும் தலைமகன் பொணத்த விட்டுட்டுப் போகலாமா?"

"பெத்தவ செத்தத மகளுக்குத் தாளுல சொல்றதா? நானே போறேன். பொழுது சாயுறதுக்குள்ள கூட்டிக்கிட்டு வந்திருவேன்" என்றார் தாத்தா. யார் சொல்லிக் கேட்டார்? பதுளைக்குப் போய், அங்கிருந்து அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

பாதி வழியில் ஒரு சாவடியில் அவரை இறக்கிவிட்டார்கள். தமிழன், அட்டை இல்லை. அதற்கு மேல் காரணம் தேவைப்படாத காலம் அது. இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். இங்கே நாங்கள் அன்று முழுக்கவும் மறுநாளும் பார்த்தோம். மறுநாள் காலையில் அப்பா தந்தி கொடுத்தார். இறந்தவர் உடம்பை அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. அன்று மாலை அப்பாவே பேரன் முறையில் காரியம் செய்து அடக்கம் பண்ணினார். தந்தி அத்தைக்குக் கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வெளியே விட்டதும் தாத்தா வீட்டுக்கு வரவில்லை. நேரே ஹல்துமுல்லைக்குப் போனார். வாசலில் நின்றவரைப் பார்த்து அத்தை, "எங்கம்மா வாயில ஒரு பிடி அரிசி போடவிடாம பண்ணிட்டியேண்ணே. இனி இந்தப் பக்கம் வராத" என்றிருக்கிறார். தாத்தா வாயைத் திறக்காமல் திரும்பிவிட்டார்.

"நடந்தத சொல்லியிருக்கலாமேப்பா?" என்று அப்பா கேட்டார்.

"அவ சம்பந்தி வீட்டுக்காரங்க நிக்கிறாங்க. போலீசுல கெடந்துட்டு வர்றேன்னு அங்க சொல்லச் சொல்றியா? யாரும் இத வெளிய பேசக் கூடாது."

பேசவில்லை. பத்து வருடத்துக்கு மேல் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. எந்தக் கல்யாணப் பத்திரிகையும் அந்தப் பக்கம் போகவில்லை, இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு தாத்தா யாருக்கும் கேதம் சொல்லப் போனதில்லை. பின்னாளில் பிரஜாவுரிமை கிடைத்து அட்டையும் வந்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப என்னத்துக்கு?" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது.

கடைசி ஆறு மாதம் மூச்சுத் திணறலோடு கிடந்தார். மருந்து கொடுத்தது நான்தான். ஒரு நாள், "ஹல்துமுல்லைக்கு போன்ல சொல்லிராதீங்க. யாராவது நேர்ல போங்க" என்றார். அவர் போன அன்று காலையில் நானே பஸ் ஏறினேன். வழியில் யாரும் என்னை இறக்கவில்லை.

அத்தை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அத்தை, தாத்தா தவறிட்டாங்க" என்றேன். அவர் அழவில்லை. அதோடு நான் திரும்பியிருக்க வேண்டும். முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லக் கூடாதென்று தாத்தா தடுத்திருந்த அந்தச் சாவடிக் கதையை அப்படியே சொல்லிவிட்டேன்.

"தெரியும் புள்ள" என்றார் அத்தை. "அன்னைக்கு வந்து நின்னப்பவே தெரியும். வேட்டி மேல எப்பவும் கட்டுற பெல்ட்டு இடுப்புல இல்ல. வேட்டிய ஒரு கையால புடிச்சுக்கிட்டு நின்னாரு. மணிக்கட்டு வீங்கிக் கெடந்துச்சு."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"எங்கம்மாவுக்கு அரிசி போடாத கோவத்த நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? போலீசுல போய்க் கத்த முடியுமா? திட்டுனா வாங்கிக்க எனக்கு அண்ணன் ஒருத்தர்தான் இருந்தாரு." கீரையைத் தள்ளி வைத்தார். "மறுபடி ஒருக்கா வருவாருன்னுதான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அத்தை என்னோடு வந்தார். தாத்தாவுக்கு வாய்க்கரிசி போட்டார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தாத்தாவைத் தூக்கிச் சுமந்த மேல்கணக்கு இளைஞர்களுக்கும், மூன்று நாளும் தேநீரும் சாப்பாடும் கொடுத்த அயல் லயத்துச் சொந்தங்களுக்கும், வெலிமடையிலிருந்து மழையோடு வந்து நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவசரத்தில் கேதம் சொல்லாமல் விட்டுப்போனவர்களும் இருப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் அப்படிக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறோம். இந்தப் பக்கம் வராதே என்று நீங்கள் சொன்னாலும், நாங்கள் மறுபடி வருவோம்.

பேத்தி