பழனியாத்தாள் போட்ட படம்

படம் போடச் சொன்னதும் காலனியே சேர்ந்து பழனியாத்தாளைத்தான் முன்னால் பிடித்துத் தள்ளியது. மாரியம்மன் நோம்பிக்கு வாசல் அடங்காமல் கோலம் போடுகிற கை அவளுடையது.

தாராபுரத்துக்குக் கிழக்கே, பருத்திக் காடுகளுக்கு நடுவில் இருந்தது அந்த ஊர். தொண்ணூற்று நான்காம் வருடக் கோடையில் கோயமுத்தூரிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்திருந்தார்கள். ஒரே ஒரு அடிபம்பு போட்டுத் தருவார்களாம். எந்த இடத்தில் போடுவது என்பதை, ஜனங்கள் தரையில் வரைந்து காட்டும் ஊர்ப் படத்தைப் பார்த்து முடிவு செய்வார்களாம்.

“காலனிக்காரங்க போட்டாத்தான் உண்மை தெரியுமுங்க,” என்றார் அந்த நிறுவனத்து ஜெப்ரி. நல்ல மனசுக்காரர். கலர்ப்பொடிப் பொட்டலங்களை அவரே பிரித்து வைத்தார். “எழுத்துத் தெரியாட்டிப் பரவால்லீங்கம்மா. உங்க மனசுல ஊரு எப்படி இருக்குதோ, அப்படியே போடுங்க.”

பழனியாத்தாளுக்கு அந்தப் பம்பு வெறும் தண்ணீர் அல்ல. பெருந்துறையில் வாக்கப்பட்ட அவளுடைய ஒரே மகள் பொற்கொடி ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதானே முறை? ஆனால் சம்பந்தியம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்: “பச்ச ஒடம்புக்காரி குளிக்கத் தண்ணியில்லாத ஊட்டுக்கு எப்படிங்க அனுப்பறது?” புருஷனை வாரிக் கொடுத்துவிட்டு, களை வெட்டியே மகளை ஆளாக்கியவள் பழனியாத்தாள். பம்பு வந்ததும் மகளைக் கூட்டிப் போகிறேன் என்று கெஞ்சி வாக்கு வாங்கி வந்திருந்தாள்.

அந்த ஆசையெல்லாம் விரலில் இறங்கப் போட்டாள் படத்தை. காலனியின் ஒவ்வொரு வீடும் ஒரு நிறம். வேப்பமரம், ஆட்டுப்பட்டி, பக்கத்து வீட்டு மாரியாத்தாளின் கோழிக்கூடு வரைக்கும் வந்தன. பிறகு தண்ணீர் எடுக்கும் கிணறு. அது பருத்திக் காட்டுக்கு அந்தப் பக்கம், ஊர்த் தலைவர் லட்சுமணசாமியின் தோட்டத்தில் இருந்தது. நடுவில் வரைய என்ன இருக்கிறது? வெறும் காடு. உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டி, எட்டிய இடத்தில் நீலப்பொடியால் ஒரு வட்டம் போட்டாள். காலனிக்கும் கிணற்றுக்கும் ஒரு சாண். அதற்கு அப்பால் பெரியவர்கள் தெருவை வரிசையாகக் கட்டங்களாகப் போட்டாள். அந்த வீடுகளில் அவள் கண்டதெல்லாம் மாட்டுக்கொட்டகையும் புறவாசலும்தான்.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஜெப்ரி அதை அச்சு மாறாமல் ஒரு பெரிய தாளில் வரைந்து எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் பிள்ளையார் கோயில் மைதானத்தில் கூட்டம். சுவரில் அந்தப் படம் தொங்கியது. காலனி ஜனங்கள் எட்டத்தில் நின்றார்கள். லட்சுமணசாமி எழுந்து போய்ப் படத்தின் மேல் விரலை வைத்தார்.

“சார், நல்லாப் பாருங்க. காலனிக்காரங்களுக்கு வாசப்படியிலயே கெணறு. எங்க தெருவுல ஒரு சொட்டு நீலம் இருக்குதுங்களா? பம்பு ஆருக்கு வேணும், நீங்களே சொல்லுங்க.”

பழனியாத்தாள் எட்டத்திலிருந்தே குரல் கொடுத்தாள். “ஏனுங் சாமி, கெணறு அத்தன கிட்டத்துல இல்லீங்களே!”

“படம் நானா போட்டேன்? நீ போட்டதுதான?”

“உங்க ஊட்டுக்குள்ளாற எல்லாம் கெணறு இருக்குதுங்களே சாமி...”

“உள்ள வந்து பாத்தியா நீ?”

மைதானமே சிரித்தது. அவள் எப்படிப் பார்த்திருப்பாள்? பாட்டன் காலத்திலிருந்தே அந்த நிலைப்படிகளை அவளுடைய ஆட்கள் தாண்டியதில்லை. பார்க்க விடாததை அவள் வரையவில்லை. வரையாதது அங்கே இல்லை என்றாகிவிட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் மாரியாத்தாள் விடவில்லை. “எங்கூட்டுக் கோழிக்கூட்ட யாருடி போடச் சொன்னா? அந்தப் பொடிய அள்ளி நடுக்காட்டுல கொட்டியிருந்தா, கெணறாவது தள்ளிப் போயிருக்கும்!”

பெரியவர்கள் தெருவில் ஆழ்குழாய் இறக்கப் போர் வண்டி ஊருக்குள் வந்த அன்று, பழனியாத்தாள் ஒரு படி புளியங்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு ஓடினாள். வண்டிக்கு முன்னால் புழுதியில் உட்கார்ந்து மறுபடியும் போட்டாள். இந்த முறை கிணற்றுக்குப் போகிற தடத்தை மட்டும்.

“இங்க ஒருக்காக் கொடத்த எறக்கி வெப்பமுங்க.” ஒரு கொட்டை வைத்தாள். “மூச்சு வாங்கிப்போட்டு, இந்த வேலமரத்துக்கிட்ட இன்னொருக்கா. சுமை தாங்காம இந்த வரப்புல இன்னொருக்கா...” உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வைத்தாள். கொட்டை வரிசை வண்டிச் சக்கரத்தைத் தாண்டி, கோயில் சுவர் வரை போனது.

ஜெப்ரி குந்தி உட்கார்ந்து அந்த வரிசையையே பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. “நான் ஒருதரம் நடந்து பாத்திருக்கோணுங்கம்மா.”

“இப்பப் பாத்துட்டீங்கல்ல? வண்டியத் திருப்பச் சொல்லுங்க சார். எம்புள்ள வாரதுக்குக் காத்திட்டிருக்கறா.”

“படத்த மேல அனுப்பிச்சாச்சுங்க. காலனி ஜனங்களே போட்டதுன்னு அதுக்கு அங்க பெரிய மரியாதைங்க. அத இனி மாத்த எனக்கு அதிகாரமில்லீங்க.”

வண்டி உறுமியது. லட்சுமணசாமி வீட்டுத் திருப்பத்தில் தண்ணீர் பீறிட்டபோது பெரியவர்கள் தெரு குலவையிட்டது. காலனிப் பெண்களும் அங்கே பிடித்துக்கொள்ளலாமாம். தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகு.

பேரன் பெருந்துறையில் பிறந்தான். சேதி கேட்டு, விடிந்ததும் பஸ் ஏறிப் போனாள் பழனியாத்தாள். சம்பந்தியம்மாள் குழாயடியில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பழனியாத்தாள் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

“இருக்கட்டுங்க, உங்களுக்கெதுக்குச் சிரமம்? அந்தத் துண்ட மட்டும் புடிங்க,” என்றாள் சம்பந்தியம்மாள்.

திறந்த கதவுக்கு உள்ளே பாயில் படுத்திருந்த பொற்கொடி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “பொடி உம்பட கையிலதானம்மா இருந்துச்சு? அந்தக் கெணத்தக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கக்கூடாதா?”

பழனியாத்தாள் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.