அம்மா படித்த நாலாம் பாடம்

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் நான் காப்பியடித்துவிட்டேன் என்று சமூக அறிவியல் சார் தலைமையாசிரியையிடம் புகார் கொடுத்தார். கண் தெரியாத பிள்ளை மீது காப்பியடித்த வழக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுதான் முதல் தடவை. பயத்துக்கு நடுவிலும் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அதுவரை பரீட்சையில் நான் சொல்லச் சொல்ல, கீழ்வகுப்புப் பிள்ளை ஒன்று எனக்காக எழுதும். அதுதான் விதி. அந்தப் பிள்ளைக்குக் கை வலித்தால் என் பதில் முடிந்துவிடும். கலிங்கப் போரை நான் ஒரு பக்கத்துக்குச் சொன்னால், எழுதுகிற பிள்ளை அசோகரை மூன்றே வரியில் மனம் மாற்றிவிடும். மதிப்பெண்ணும் அதற்குத் தகுந்த மாதிரிதான் வரும்.

இதற்கு வழி செய்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் கம்பெனி வேலை. அங்கே கழித்துக்கட்டிய லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி, திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளை ஏற்றிக் கொண்டுவந்தார். நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது சளி பிடித்த குரலில் திருப்பிச் சொல்லும். தப்பாகத் தட்டினால் தப்பாகவே உச்சரித்து மானத்தை வாங்கும். அந்த அவமானத்துக்குப் பயந்தே நான் பிழையில்லாமல் எழுதப் பழகினேன்.

தலைமையாசிரியை அரையாண்டுத் தேர்வை அதில் எழுதிப் பார்க்கச் சொன்னார். சரிப்பட்டு வந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கும் மேலே எழுதி அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இந்தப் புகார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். லேப்டாப்புக்கு நான் எழுதுவதைப் படிக்கத் தெரியுமே தவிர, அச்சடித்த பாடப்புத்தகத்தைப் படிக்கத் தெரியாது. அது அம்மாவின் வேலை. கம்பெனி கேன்டீனில் காலை ஷிப்ட் முடிந்து வந்ததும், சாயங்காலம் டீயோடு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிப்பாள். எழுத்தெழுத்தாகக் கூட்டி, நிதானமாகப் படிப்பாள். நடுநடுவே நிறுத்தி ஒரு மடக்கு டீ குடிப்பாள். டீ இறங்கியதும் பாடம் சூடு பிடித்துவிடும். எனக்கு அந்த இடங்கள்தான் ரொம்பப் பிடிக்கும்.

விசாரணைக்கு அம்மாவும் மாமாவும் வந்து நின்றார்கள்.

"ரெண்டு கண்ணும் நல்லா கீற பசங்களே பத்து வரிக்கு இருவது தப்பு வுட்றானுங்க. இவ ஒரு தப்பு கூட வுடல மேடம். பொட்டிக்குள்ள புக்கு கீது. அது ஓதிகினே இருந்திருக்கு, இவ எழுதிகினே இருந்திருக்கா" என்றார் சார்.

"இன்னா சார் பேசற? பொட்டிக்குப் புக்கு படிக்கத் தெரிஞ்சா எங்க அக்கா ஏன் தெனமும் தொண்டத்தண்ணி வத்தப் படிக்குது?" என்று மாமா குரலை உயர்த்தினார். அம்மா அவரை அடக்கினாள்.

தலைமையாசிரியை இருவரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அச்செடுத்த என் விடைத்தாளை உரக்கப் படிக்கத் தொடங்கினார். "'நிலவரி என்பது விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்டியே தீர வேண்டியது. மழை பெய்யாத வருடத்தில் வரி கேட்கிறவன் வீட்டில் அடுப்பு எரியுமா?'" சட்டென்று நிறுத்தினார். "சார், இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

சார் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

"நாலாம் பாடம் மிஸ், நடுவுல வரும்" என்று உதவி செய்தேன்.

வரவில்லை. அடுத்து ஏரிப்பாசனம். "'ஏரிக்குள் வீடு கட்டினால் ஏரி வீட்டுக்குள் வரும். இது கட்டினவனுக்கும் தெரியும், கையெழுத்துப் போட்டவனுக்கும் தெரியும்.'" அதுவும் புத்தகத்தில் இல்லை. தலைமையாசிரியைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுக்கும் நீங்க டிக் போட்டுக்கீறீங்களே சார்!" என்றார். எழுத்துப்பிழையை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தை அளந்து டிக் போடுவது சாரின் வழக்கம்.

"புக்கைப் பாத்து எழுதின பொண்ணு புக்குல இல்லாததை எப்பிடி எழுதுவா?" என்று கேட்டுத் தலைமையாசிரியை வழக்கை முடித்தார். வேண்டுமானால் அந்த வரிகளுக்கு மட்டும் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். சார் ஐந்து குறைத்தார். அப்படியும் வகுப்பில் நான்தான் முதல்.

எனக்கோ அவமானம் பிடுங்கித் தின்றது. புத்தகம் எங்கே முடிகிறது, அம்மா எங்கே தொடங்குகிறாள் என்று பிரித்தறிய எனக்கு வழியே இருந்ததில்லை. வெளியே வந்ததும் வெடித்தேன். "புக்குல இல்லாததை ஏம்மா படிச்ச?"

"சும்மா, ஒரு சுவாரசியத்துக்குத்தான்" என்றாள் அம்மா.

மாமாவுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய், கடற்கரையில் வறுத்த மீன் வாங்கித் தந்தார். போகிற பஸ்ஸில் நடத்துனரிலிருந்து பூ விற்கிற அம்மாள் வரை எல்லோரிடமும், "எங்க அக்கா சொன்னதுக்கு வாத்தியார் டிக் போட்டுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அனுமதியும் வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வை முழுக்க முழுக்க என் விரலால் எழுதித் தேறினேன். பிறகு எழுதிய எந்தத் தேர்விலும் எனக்காக இன்னொருவர் கை வலித்ததில்லை.

இப்போது என் கைபேசியே அச்செழுத்தைப் படித்துக் காட்டுகிறது. போன மாதம் பரணை ஒழித்தபோது அந்தப் பழைய புத்தகம் கையில் சிக்கியது. ஆசைக்கு நாலாம் பாடத்தைப் படமெடுத்துக் கேட்டேன். சாதாரணச் சொற்கள் அம்மா படித்தபடியே வந்தன. நிலவரி வந்தது. அடுத்து, அடுப்பு எரிய வேண்டிய இடத்தில், இரயத்துவாரி முறை, மகல்வாரி முறை, நிரந்தர நிலவரித் திட்டம் என்று வாயில் நுழையாத வார்த்தைகளாக வந்து விழுந்தன. கைபேசி மூச்சுவிடாமல் படித்துப் போனது. அம்மா டீ குடித்த இடங்கள் அவை.

அம்மா எந்த வகுப்பு வரை படித்தவள் என்று நான் அந்த வயதில் கேட்டதேயில்லை. தினமும் பாடம் படித்துக் காட்டுகிறவளிடம் அதை யார் கேட்பார்கள்? மூன்றாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்களாம், மாமாதான் சொன்னார். தனக்குப் படிக்க வராத ஒரு வரியைக்கூட அவள் எனக்குப் படிக்காமல் விடவில்லை.