யா, துவான்

எங்கள் மலேசியக் காவல்துறையில் மேலதிகாரி அழைத்தால், 'சொல்லுங்கள், ஐயா' என்பதற்கு மலாயில் "யா, துவான்" என்றே பதில் சொல்வோம். அந்தப் பழக்கம் ஒருமுறை என் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

போர்ட் கிள்ளானில் போதைப்பொருள் கும்பல் ஒன்றைக் கண்காணிக்க, சாதாரண உடையில் ஓர் உணவுக்கடையில் அமர்ந்திருந்தேன். கும்பலைச் சேர்ந்த மூவர் அடுத்த மேசையில் இருந்தனர். கடைக்கார அக்காவும் அவர்களுக்கு உடந்தை என்றே ஐயுற்றிருந்தேன். அப்போது கைப்பேசி ஒலித்தது; மேலதிகாரியின் அழைப்பு. என்னையறியாமல், "யா, துவான்" என்றேன்.

அடுத்த மேசையில் பேச்சு நின்றது. ஒருவன் எழுந்து வந்து என் தோளை அழுத்தினான்.

"யாருடா அந்தத் துவான்? போலீஸா நீ?"

இன்னொருவனின் கை இடுப்புக் கத்திக்குப் போயிற்று.

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அக்கா உரக்கச் சிரித்தார்.

"இவனா போலீஸ்? என் தங்கச்சி புருஷன் லா! ஃபேக்டரி வாசல்ல காவல் காக்குற ஜாகா வேலை. சூப்பர்வைசருக்கே துவான் போடுவான், பயந்தாங்கொள்ளி!"

மூவரும் சிரித்தனர். தோளிலிருந்த கை விலகியது.

நான் வெளியேறும்போது அக்கா என் முகம் பாராமல், "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க, சார்" என்றார் மெல்ல.

அது பரிவா, அவர்களுக்காக எனக்கு விடுத்த எச்சரிக்கையா? இன்றும் தெளிவில்லை. என் உயிரைக் காத்தவர்மீதே ஐயம் கொள்ளும் மனத்தை இந்த வேலை எனக்குத் தந்திருக்கிறது. கத்தியைவிட அதற்கே அஞ்சுகிறேன்.