சீக்கிரம் கழற்றக்கூடிய ஷூ

போன வாரம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு செருப்புக் கடைக்குப் போனேன். செருப்புக் கடை என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். கண்ணாடிக் கதவு, ஏசி, காலை வைத்து அளக்க ஒரு மெஷின் எல்லாம் இருக்கிறது. காட்டுப் பாதையிலும் மேடுபள்ளத்திலும் ஓடுகிறவர்களுக்கென்று தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள். அங்கே நின்ற பெண் ஒரு ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைக் காட்டினாள். கட்டைவிரல் பருமனுக்கு ரப்பர் முனைகள்.

“சேத்துல வழுக்காது சார். முன்பக்கம் அகலம், எறக்கத்துல ஓடுனா நகம் இடிக்காது. வாய்க்கால்ல எறங்குனாலும் தண்ணி உடனே வடிஞ்சிரும்.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “இத எவ்வளவு சீக்கிரம் கழத்தலாம்மா?” என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “எல்லாரும் கழலாம இருக்கணும்னுதான் சார் கேப்பாவ” என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு சுடலைமுத்துவைத் தெரியாது. எனக்கோ அந்தப் புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதுமே அவர் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்குச் சேரன்மகாதேவியில் வேலை. சேர்ந்த புதிது. காலையில் பூரி, பதினோரு மணிக்கு வடை, மாலையில் மறுபடியும் வடை என்று அரசாங்க உத்தியோகத்தை மனசாரச் செய்துகொண்டிருந்தேன். ஒரே வருஷத்தில் சட்டையின் நாலாவது பொத்தான் மாட்ட மறுத்தது. பக்கத்து வீட்டில் குடியிருந்த சுடலைமுத்து கரண்டு ஆபீஸில் லைன்மேன். என் வயதுதான். ஆனால் உடம்பில் ஒரு பிடி சதை கிடையாது. “ஞாயித்துக்கிழம காலைல எங்கூட வாரும் வே, வாய்க்கா கரைல ஓடுவோம்” என்று ஒருநாள் கூப்பிட்டார். போனவன் மாட்டிக்கொண்டேன்.

கன்னடியன் கால்வாய்க் கரையில் அன்றைக்கு இருந்தது மண்பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். மழைக்குப் பிறகு களிமண் ஷூவோடு வந்துவிடும். காய்ந்தால் உடைமுள் காத்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு மடைத் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி ஏற வேண்டும். ஆக, அந்தக் கடைப் பெண் சொன்ன அத்தனை குணமும் எங்கள் ஷூவுக்கும் தேவைப்பட்டது. எங்களுக்குக் கூடுதலாக ஒன்று தேவைப்பட்டது. மடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதையை ஒட்டியே சுடலைமாடன் பீடம் இருந்தது. அவர் முகத்துக்கு நேரே யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். வண்டியில் வருகிறவர்கள்கூடச் செருப்பைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு உருட்டிப் போவார்கள். பீடத்துக்கு இந்தப் பக்கம் கல்விளக்கு வந்ததும் கழற்றி, அந்தப் பக்கம் வேப்பமரம் வந்ததும் மாட்ட வேண்டும். ஓட்டக்காரர்களுக்கும் அதே சட்டம்தான்.

இங்கேதான் நான் வாராவாரம் தோற்றேன். நம்பினால் நம்புங்கள், கல்விளக்கு வரை பெரும்பாலும் நான்தான் முன்னால் போவேன். பெங்களூரிலிருந்து மச்சினன் வாங்கி அனுப்பிய ஷூ அது. எனக்கு அதன்மேல் ஒரு பெருமை உண்டு. கொக்கி கொக்கியாக வைத்து நீள நாடா. இரட்டை முடிச்சுப் போட்டால் கணுக்கால் கல்லு மாதிரி நிற்கும். மடைத் தண்ணீரில் நனைந்த பிறகு அந்த முடிச்சும் கல்லு மாதிரிதான் நிற்கும். நான் குனிந்து, நகத்தால் பிறாண்டி, பல்லால் கடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது சுடலைமுத்து வந்து சேருவார்.

அவருடையது தேய்ந்த கேன்வாஸ் ஷூ. நாடாவை உருவி எறிந்துவிட்டு, டெய்லர் கடையில் வாங்கிய ஜட்டி எலாஸ்டிக்கைக் கோத்திருந்தார். இந்தக் காலை ஒரு உதறு, அந்தக் காலை ஒரு உதறு, இரண்டும் கைக்கு வந்துவிடும். கன்னத்தில் போட்டுக்கொண்டு, முள்ளைப் பற்றிக் கவலையே இல்லாமல் வெறுங்காலோடு ஓடுவார். நான் பின்னால் கொக்கு மாதிரி ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைப்பேன்.

“நீரு ஓட்டத்துல தோக்கல வே, அவுக்கிறதுலதான் தோக்கீரு” என்பார், ஓட்டம் முடிகிற வீரவநல்லூர் டீக்கடையில். அதற்கு நாலு பேர் சிரிப்பார்கள். வாராவாரம் இதே பேச்சுத்தான், இதே சிரிப்புத்தான். ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு ஆசைப்படவில்லை.

ஒரு ஐப்பசி ஞாயிறு. நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. களிமண்ணில் என் ஷூ மட்டும்தான் பிடித்தது. சுடலைமுத்து இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். கல்விளக்குக்கு வந்து திரும்பிப் பார்த்தேன், ஆளையே காணோம். குனிந்தேன். முடிச்சு சேற்றுக்குள் புதைந்திருந்தது. பிறாண்டினேன், இழுத்தேன், அசையவில்லை. பின்னால் மடைத் தண்ணீரில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. பீடத்தைப் பார்த்தேன். அக்கம்பக்கம் பார்த்தேன். ஷூவோடு ஓடிவிட்டேன்.

வீரவநல்லூர் டீக்கடையில் போய் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். வெகுநேரம் கழித்துத்தான் சுடலைமுத்து வந்தார். ஈர மண்ணில் ஷூத்தடம் பீடத்துக்கு முன்னாலேயே போயிருக்கிறது. அவர் அதைப் பார்க்காமல் இருந்திருப்பாரா. கையில் ஒரு பூவரச இலை. அதில் திருநீறு.

“உமக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வாரேன். இந்தாரும், பூசிக்கிடும்” என்றார். பிறகு டீக்கடைக்காரரிடம், “இன்னைக்கு நம்ம சார் செயிச்சிட்டாரு அண்ணாச்சி” என்றார். கேலியே இல்லாமல் சொன்னார். தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடையில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாளே போய் எலாஸ்டிக் வாங்கிக் கோத்தேன். அடுத்த ஞாயிறு ஒழுங்காகக் கழற்றி ஓடி, ஒழுங்காக ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒழுங்காகத் தோற்க வேண்டும் என்று இருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை சுடலைமுத்து குளத்தங்கரையில் பைக் சறுக்கி விழுந்தார். முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு அவர் நடந்தார், ஓடவில்லை. எனக்கும் மாற்றல் வந்தது. ஆகக்கூடி, அந்த ஒரு வெற்றி மட்டும் அப்படியே என் பேரில் நிற்கிறது.

கடையில் அந்தப் பெண் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். முடிச்சே கிடையாது, ஒரு பொத்தானை அமுக்கினால் கம்பி நாடா தளர்ந்து கால் வெளியே வந்துவிடுகிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். கரையை அகலப்படுத்தி சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். மடைக்கு மேல் பாலம். பீடத்தைக் கிழக்கே தள்ளி, தகரக் கொட்டகையும் கம்பிக் கதவும் போட்டு வைத்திருக்கிறார்கள். பாதை இப்போது அவர் முன்னால் போகவில்லை. கையில் கடிகாரம் கட்டிய நாலு பையன்கள் ஷூவோடு என்னைத் தாண்டி ஓடினார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அங்கேயே நின்று சுடலைமுத்துவுக்குப் போன் போட்டேன். புது ஷூவின் பொத்தானைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எல்லாம் சரி வே. சாமியத்தான் அங்கன தள்ளி வச்சிட்டாவளே. இனிம யாருக்காவக் கழத்தப் போறீரு?”

போனை வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். ஷூ இரண்டும் கைக்கு வந்தன. கல்விளக்கு இருந்த இடத்திலிருந்து வேப்பமரம் இருந்த இடம் வரை வெறுங்காலோடு, அந்தக் காலத்துப் பழக்கத்தில் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து நடந்தேன். ஒரு முள்கூடக் குத்தவில்லை.