கூட்டுப் பட்டாவில் ஒரே பெயர்

மன்னார்குடியில் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அரிசி ஆலைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் நெல் கொள்முதல் செயலியில், நில விவரக் கோப்புகளைப் படித்து உள்ளே சேர்க்கும் பகுதி என்னுடையது. கோப்புகள் எக்ஸ்எம்எல்லில் வரும். எதற்குள் எது, எத்தனை முறை வரலாம் என்பதை டிடிடி என்ற விதிக்கோப்பு சொல்லும். அதில் பட்டாதாரர் என்பதற்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருந்தது. ஒருவரும் இருக்கலாம், பலரும் இருக்கலாம் என்று பொருள். எங்கள் செயலியிலோ ஒருவருக்குத்தான் இடம். இரண்டாவது பெயரைப் படித்ததும் முதல் பெயர் அழிந்துவிடும்.

இந்தப் பக்கத்தில் கூட்டுப் பட்டா இல்லாத ஊர் உண்டா? அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு சாகுபடி செய்வார்கள். பட்டா மட்டும் சேர்ந்தே கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த வாரமே டீம் லீடுக்கு எழுதினேன். கடுமையாக இருக்கிறதோ என்று இரண்டு வரியை அழித்தேன். 'தவறாக இருந்தால் மன்னிக்கவும்' என்று சேர்த்து அனுப்பினேன். பதில் இல்லை.

குறுவை அறுவடையில் அது எதிர்வீட்டு அக்காவின் தலையில் விடிந்தது. நான் மீட்டிங்கில் இருக்கும்போது என் மகளை இடுப்பில் வைத்திருப்பவர் அவர்தான். அவர்கள் பட்டாவில் அவர் பெயருக்கு அடுத்ததாகக் கொழுந்தனார் பெயரும் உண்டு. அவருடைய நெல் களத்தில் குவிந்து கிடந்தது. எங்கள் செயலி தேதி போட்டு அனுப்பும் டோக்கன் இருந்தால்தான் எடை போடுவார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"டோக்கன் சிங்கப்பூர்ல இருக்குற எங் கொழுந்தனாருக்குப் போயிருக்கும்மா. அவரு இன்னைக்குத்தான் பாத்தாராம், தேதி நேத்தே போயிடுச்சு. அவரு கப்பல் பட்டறையில நின்னுக்கிட்டு நெல்லு அளப்பாரா?"

உடனே லீடைக் கூப்பிட்டேன்.

"சார், செயலியில பட்டாதாரரை லிஸ்ட்டா மாத்தணும். ஒரு பேரு இன்னொரு பேரை அழிக்குது."

"இப்பப் போய் ஸ்ட்ரக்சர்ல கை வைக்கச் சொல்றீங்களா? டிடிடியில அந்தப் பிளஸ்ஸை எடுத்துடுங்க. ரெண்டு பேரு வந்தா கோப்பே ரிஜெக்ட் ஆயிடும். பிரச்சினை முடிஞ்சுது."

"அப்ப அவங்க நெல்லை எங்க சார் கொண்டுபோவாங்க?"

"மேடம், குழந்தை அழுவுது போல. மொதல்ல அதைப் பாருங்க."

என் மகள் அழவில்லை. அக்காவின் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆள் வெட்டச் சொன்னது ஒரு குறியை அல்ல, இந்த அக்காவை. சட்டை சின்னதாகிவிட்டது என்று கையை வெட்டுவார்களா? அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பட்டாதாரர் என்ற ஒற்றை இடத்தைப் பட்டியலாக்கினேன். ஒவ்வொருவருக்கும் டோக்கன் தனியாகப் போகும்படி மாற்றினேன். அக்காவின் பட்டாவையே வைத்துச் சோதித்தேன். பிறகு ஆலைக்காரர்களுக்கும் நகல் போட்டு லீடுக்கு அனுப்பினேன். மன்னிக்கவும் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் அனுப்பிய பிறகுதான் வந்தது.

சாயங்காலமே ஏற்றுக்கொண்டார்கள். 'சின்ன மாற்றம்தான்' என்று லீட் குழுவில் எழுதினார்.

மூன்றாம் நாள் காலையில் அக்காவுக்கு டோக்கன் வந்தது. அதற்குள் இரண்டு இரவும் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தார்ப்பாயை விலக்கியபோது அடியில் நெல் வெள்ளையாக முளைவிட்டிருந்தது. அக்கா அதை மட்டும் தனியாக வாரினார்.

"மேல இருக்கறது தேறும்மா. இது கோழிக்கு ஆச்சு."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.