நான் அடித்த சைரனுக்கு நானே ஓடினேன்

சைரனின் கைப்பிடியைச் சுற்றியவன் நான்தான். அதைக் கேட்டு ஓடியவர்களில் முதல் பத்துப் பேருக்குள் இருந்தவனும் நான்தான். பல வருஷம் சேஃப்டி ஒபிசராக இருந்து ஓய்வுபெற்றவன் இதை எழுத வெட்கப்பட வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது சைட்டுக்கு வருகிற தம்பிமார் சேஃப்டி என்றால் ஹெல்மெட் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

1. பதவி வந்த விதம்

சுனாமி அடித்து இரண்டாம் வருஷம். கல்முனைக் கரையோரத்தில் அலை கொண்டுபோன பாடசாலை ஒன்றுக்கு மாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தோம். கொந்தராத்து, அதாவது ஒப்பந்தம், எங்கள் முதலாளி ஹாஜியாருடையது. நான் அவருடைய ஸ்டோர் கீப்பர். சைட்டுக்கு சேஃப்டி ஒபிசர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்ததும் ஹாஜியார் ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்தார்.

"உதுமான், நீ இங்கிலீசு வாசிப்பாய்தானே?"

"கொஞ்சம் வாசிப்பன் ஹாஜியார்."

"அப்ப நீதான் சேப்டி. ஸ்டோர்ச் சாவியையும் விட்டுராத."

என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

பெரிய தலையிடி ஆதம்பாவா பாஸ். மேசன்மாரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தலைமை மேசன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சாரம் ஏறும்போது விழாமல் கட்டும் சேஃப்டி பெல்ட்டை நீட்டினால் முறைப்பார்.

"முப்பது வருசமா சாரத்தில ஏர்றன். இப்ப மாட்டக் கட்டுற மாதிரி என்னக் கட்டப் போறயா?"

2. ஒத்திகை

மேல்தட்டுக் கொங்கிரீட்டுக்கு முன்னர் அவசர ஒத்திகை ஒன்று காட்ட வேண்டும் என்று கொழும்பு எஞ்சினியர் சொல்லிவிட்டார். சைரன் அடித்து ஐந்து நிமிஷத்தில் நாற்பத்தொரு தொழிலாளரும் 'ஒன்றுகூடுமிடம்' என்ற பச்சைப் பலகையடியில் நிற்க வேண்டும். தவறினால் வேலை நிறுத்தம். நாற்பத்தொரு வீட்டு அடுப்பும் அந்த ஐந்து நிமிஷத்தில் இருந்தது.

இடத்தைக் கொழும்பில் வைத்தே வரைபடத்தில் குறித்திருந்தார்கள். கட்டடம் விழுந்தாலும் மேலே படாத திறந்தவெளி. நானும் பலகையை அங்கேயே நட்டேன். ஒருவரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஒத்திகை என்று முன்கூட்டிச் சொன்னால் அது ஒத்திகையாகாது என்று புத்தகத்தில் இருந்ததால் அதையும் சொல்லவில்லை.

எஞ்சினியர் வந்த அன்று காலையில் ஆதம்பாவா பாஸைக் கெஞ்சிக் கூத்தாடி பெல்ட் போட வைத்தேன். எஞ்சினியர் கடிகாரத்தோடு பலகையடியில் போய் நின்றார். நான் சைரனின் கைப்பிடியைச் சுற்றினேன்.

முதலில் சத்தம் போட்டது பக்கத்துத் தற்காலிகக் குடிசைகளில் இருந்த பெண்கள். "கடல் வருது! புள்ளயளத் தூக்குங்க!" கலவைக்காரர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். தெருவே மேற்குப் பக்கம் ஓடியது. எனக்கு எல்லாம் தெரியும். கைப்பிடி என் கையில்தான் இருந்தது. ஆனாலும் என் கால் என்னைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தது மட்டும் ஞாபகம்.

பாண்டிருப்புச் சிவலிங்கம் எங்கள் கம்பி வேலைக்காரன். சைக்கிளில் வந்தவன் என்னைக் கண்டு, "ஏறுங்க காக்கா!" என்றான். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். ஏறினேன். சொறிக்கல்முனைப் பாதையில் வயல்வெளிக்கு வந்த பிறகுதான் அவனுக்குக் கதைக்க மூச்சு வந்தது.

"ஆரு காக்கா சைரன் அடிச்ச?"

"நான்தான்."

பிரேக் பிடித்தான். இரண்டு பேரும் வரம்பில் கிடந்தோம்.

3. திரும்பி வந்தபோது

சைட்டில் இரண்டே பேர் இருந்தார்கள். அவசரமாக இறங்கும்போது கால் வழுக்கிய ஆதம்பாவா பாஸ் பெல்ட்டில் தொங்கியிருக்கிறார். சத்தம் கேட்டு வந்த எஞ்சினியர் ஏணி ஒன்றைக் கொண்டுவந்து அவருடைய காலடியில் சாத்தியிருக்கிறார். மேலே ஏறிக் கொளுக்கியைக் கழற்ற அவருக்குப் பயம். கீழே நின்று ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் உதுமான், ஒருத்தர்கூட வரேல்ல. வேலைய நிப்பாட்டத்தான் வேணும்."

நான் வாய் திறக்குமுன் மேலேயிருந்து பதில் வந்தது.

"சேர், உங்கட பலகை எங்க நிக்குது? கடலடில. சைரன் கேட்டா கடலப் பாத்து ஓடச் சொல்றீங்க. புத்தியுள்ள ஆரு சேர் வருவான்?"

"நான் நிண்டனே!"

"ஓம் சேர்," என்றார் பாஸ், மரியாதையாக.

எஞ்சினியர் திரும்பிப் பார்த்தார். பலகைக்குப் பின்னால் கடல் அமைதியாகத்தான் கிடந்தது. சிவலிங்கமும் நானும் பாஸை இறக்கினோம். பிறகு எஞ்சினியர் ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், தவணை தந்தார்.

அந்தக் கிழமை முழுக்க நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "சைரன் கேட்டா நீ எந்தப் பக்கம் ஓடுவாய்?" நாற்பத்தொரு கையும் வயல் பக்கம் காட்டின. பலகையைப் பிடுங்கி அங்கே நட்டேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் நாளும் நேரமும் அறிவித்தார்கள். குடிசைகளுக்கு நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். தம்பிமாரே, எங்கே ஓட வேண்டும் என்று எழுதுவதற்கு முன்னர், ஓடப்போகிறவனைக் கேளுங்கள். நான் படித்தது அதுதான்.

இரண்டாம் ஒத்திகையில் நான்கு நிமிஷத்துக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க அரைவாசி ஊரும் வந்திருந்ததால் தலையை எண்ண முடியவில்லை. எஞ்சினியர் பெயர்ப் பட்டியலை என் கையில் தந்தார்.

சுனாமிக்கு அடுத்த நாள் அகதி முகாமில் பெயர் வாசித்தவனும் நான்தான். ஒரு பெயரைக் கூப்பிட வேண்டும், காத்திருக்க வேண்டும், பதில் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒவ்வொரு பெயருக்கும் காத்து நின்றேன். காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. "ஓம்", "ஓம்", "இஞ்ச இருக்கன்" என்று உடனே உடனே வந்தது. நாற்பத்தோராவது பெயரை வாசித்துவிட்டுத் தாளைப் பார்த்தபடியே நின்றேன்.

ஆதம்பாவா பாஸ் கிட்ட வந்தார். பெல்ட் இன்னும் இடுப்பில் இருந்தது.

"என்ன உதுமான், ஆரும் குறையா?"

"இல்ல காக்கா," என்றேன். "ஒருத்தரும் குறையில்ல."