வேண்டாம் அக்கா

என் பக்கத்து மேசைக்காரிக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ‘வேண்டாம் அக்கா’. வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் அனுப்பும் புகார் மெயில்களை நாங்கள் இருவரும்தான் பார்க்கிறோம். விவரமானவர்கள் மெயிலோடு ரீட் ரிசீப்ட்டும் கேட்பார்கள். திறந்ததும் திரையில் ஒரு பெட்டி எழும்பும்: நீங்கள் படித்துவிட்டதை அனுப்பியவருக்குத் தெரிவிக்கலாமா? ஆம், வேண்டாம். தெரிவித்தால் அந்த நிமிடமே புகாரைத் தீர்ப்பதற்கான இரண்டு நாள் கெடு ஓடத் தொடங்கும். அதனால் எப்போதும் ‘வேண்டாம்’தான் என்பது மேலாளரின் உத்தரவு. ஊரார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் இந்த வேலையை அக்கா பதினொரு வருடமாகச் செய்கிறாள். பெட்டி எழும்பி முடிப்பதற்குள் விரல் போய்விடும். கண் அதைப் பார்ப்பதே இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய அலுவலக முகவரிக்கு அவள் அண்ணனிடமிருந்து மெயில் வந்தது. அப்பாவின் சாவு வீட்டில் வாய்த்தகராறு முற்றியதில் நாலு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஊரையும் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு போன மனிதர். மூன்றே வரிதான் எழுதியிருந்தார். பதில் போட வேண்டாம். நீ படித்ததாக ரிசீப்ட் வந்தால் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். ரிசீப்ட் வராவிட்டால் இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அக்கா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். படித்தாயிற்று, இனி பதில் எழுதும் சங்கடம் மிச்சம் என்று அவளுக்கு நிம்மதி. வறட்டு கௌரவத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு.

ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டிவிட்டு, சாயங்காலம் ஆறு மணி வரை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளாம். யாரும் வரவில்லை. வராதவனுக்கு மெயில் ஒரு கேடா என்று திங்கட்கிழமை என்னிடம் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

“அக்கா, அந்தப் பெட்டி வந்தப்ப என்ன அழுத்துனீங்க?”

அவள் மவுஸின் மேல் கிடந்த தன் கையைப் பார்த்தாள். எனக்கு மேலாளர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அன்றைக்கே அண்ணனுக்கு எழுதினாள். தலைப்பில் ‘தப்பு என்னுடையது’ என்று போட்டு, நடந்ததை அப்படியே சொல்லி, வாழ்க்கையில் முதல் தடவையாக ரீட் ரிசீப்ட் கேட்டு அனுப்பினாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு வந்தது. உங்கள் மெயில் படிக்கப்படாமலேயே நீக்கப்பட்டது.

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் காதில் வாங்காமல் அடுத்த புகாரைத் திறந்தாள். பெட்டி எழும்பியது. விரல் அசையவில்லை.

“அழிக்கறப்பவும் இதே பெட்டி கேட்டிருக்கும். எங்கண்ணன் வேண்டாம்னு அழுத்தல, பாத்தியா?” என்றாள். “எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கான்.”

சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்தப் பெட்டி அவள் திரையில் அப்படியே நின்றது.